அது அவர் இல்லை

"ஆறு மணிக்கு இரங்கல் கூட்டம். மேடை ஏறி நான் என்னத்தைப் பேசறது? ஆளுக்கு ஒரு சீன் சொல்லுங்கய்யா" என்றார் டெய்லர், தையல் மெஷினை நிறுத்திவிட்டு.

கடையில் இருந்த மெக்கானிக்கும் டெய்லரின் மச்சினனும் தலையைச் சொறிந்தார்கள். மெக்கானிக் ரசிகர் மன்றச் செயலாளர், மச்சினன் பொருளாளர். மன்றம் பிறந்ததே நேற்றுச் சாயங்காலம்தான். குணச்சித்திர நடிகர் காலமானார் என்று டிவியில் ஒரு வரி ஓடிய கையோடு டெய்லர் தலைவராகி, தெருமுனையில் போட்டோ போட்ட பேனரும் கட்டிவிட்டார். பெரிய ஹீரோக்களின் மன்றங்களில் அவரை எடுபிடியாகக்கூட யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. அந்த ஆட்களெல்லாம் இன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, இவர் உளறுவதைக் கேட்டுச் சிரிப்பதாக ஏற்பாடு.

"பஸ் கண்டக்டரா வருவாரே மாமா" என்று மச்சினன் ஆரம்பித்தான். "சில்லறை இல்லைன்னு ஹீரோவையே நடுவழியில இறக்கி விட்டுடுவார். தியேட்டரே விசில் அடிச்சுது."

"அது அவர் இல்லை" என்றது ஒரு குரல்.

மூவரும் திரும்பினார்கள். பேண்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்து, ஸ்டூலில் காத்திருந்த அம்மாள்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

"சரி, அதை விடு" என்றார் மெக்கானிக். "ஜட்ஜா வந்து தூங்கி வழிவாரே. திடீர்னு முழிச்சுப் பார்த்து, சாட்சி சொல்ல வந்தவனுக்குத் தூக்குத் தண்டனை குடுத்துடுவார். நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான்."

"அதுவும் அவர் இல்லை. இப்ப போனவர் போலீஸா மட்டும்தான் வருவார். சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம் ஜீப்பை விட்டு இறங்கி, அரெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்வார்."

"எங்க தலைவரைப் பத்தி எங்களுக்கே பாடம் எடுக்கறீங்களே" என்று மெக்கானிக் முறைத்தார். மன்றத்துக்கு வயது ஒரு நாள்கூட ஆகவில்லை, வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

டெய்லர் சண்டைக்குப் போகவில்லை. "முன்வரிசைக்காரனுங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றார். "எனக்கு வயித்தெரிச்சல் வேற. போன வருஷம் மருந்துக்கடையில அவர் எனக்கு முன்னாடி நின்னார். சார், நீங்க அழுதா நானும் அழுதுடறேன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. மாத்திரையை வாங்கிக்கிட்டுப் போயிட்டார், ஒரேயடியாவும் போயிட்டார். ஒரு பயகூட அவர்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். இனிமே மேடையில கத்தி என்ன பிரயோசனம், அவர் காதுல விழவா போகுது?"

மெஷினில் மாட்டியிருந்த சட்டையை உருவி மடியில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருப்பாரே, பொண்ணுக்கு ஆபரேஷன் நடக்கும்போது. வசனமே கிடையாது. எல்லாரும் அவர் கண்ணைப் பார்த்து அழுதாங்க, நான் சட்டையைப் பார்த்து அழுதேன். மூணாவது பட்டன் மட்டும் வேற கலர். வேற நூல். கோணலா வேற தச்சிருக்கும். பொண்டாட்டி இல்லாத வீடுன்னு அந்த ஒரு பட்டனே சொல்லிடுச்சு. எந்த மகராசன் யோசிச்சானோ, அவன் கையில மோதிரம் போடணும்."

"அதுவும் அவர் இல்லை" என்றார் அம்மாள். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டெய்லருக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, நானும் போனா போகுதுன்னு பார்க்கறேன். அந்தப் பட்டனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நான்தான் தச்சேன். சினிமா கம்பெனியில குடுத்த சட்டையில பட்டன் அறுந்திருந்தது. அவசரத்துல கையில கிடைச்சதை வெச்சுத் தச்சு அனுப்பினேன்."

மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டெய்லர் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கும்பிடுவதா, காலில் விழுவதா என்று புரியவில்லை.

"நீங்க அவரோட வீட்டம்மாவா? இந்த நேரத்துல போய் ஜிப் மாத்த..."

"யாரோட வீட்டம்மான்னு கேளுங்க" என்றார் அம்மாள். "உங்க பேனர்ல பேர் மட்டும்தான் போனவரோடது. போட்டோவும் நீங்க சொன்ன சீனெல்லாமும் எங்க வீட்டுக்காரரோடது. காலையிலேர்ந்து நாலு பேர் துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. கதவைத் திறந்துவிட்டதே அவர்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசைங்க" என்று முனகினான் மச்சினன். போட்டோவைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அவன்தான். செயலாளர் வாசல் பக்கம் நைசாக நகர்ந்துகொண்டிருந்தார்.

"தாயே, மன்னிச்சிடுங்க" என்றார் டெய்லர். "உயிரோட இருக்கிற மனுஷனைப் போய்... அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அம்மாள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். அவர் கடைக்குள் வந்ததிலிருந்தே லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு, "ஏங்க, கேட்டீங்கல்ல? இப்ப திருப்திதானே?" என்றார்.

"திருப்தி இருக்கட்டும், நீ எதுக்கு நடுவுல நடுவுல வெட்டிக்கிட்டே இருக்கே?" என்றது, டெய்லரைப் பல தடவை அழ வைத்த அதே குரல். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "தம்பி, நான் செத்துட்டேன்னே வெச்சுக்கிட்டு, விட்ட இடத்துலேர்ந்து சொல்லுங்க."