துறைமுகக் கிளை

“அசையாம நில்லுடா, குத்திடும்.”

தம்பியின் புதுச் சட்டையில் மேல் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றித் தர அவனுக்குப் பொறுமை இல்லை. அக்கா அவன் நெஞ்சோடு ஒட்டி நின்றே தைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“துறைமுகக் கிளைக்கு நான்தான் பொறுப்புன்னு மாமா காலைலதான் சொன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீதானே சிபாரிசு பண்ணின, கள்ளி?”

அவள் நூலை இழுத்து இறுக்கினாள்.

ஒரு காலத்தில் இந்த வீட்டுக் கூடத்தில் ஆறே பேர் உட்கார்ந்து திட்டம் போட்ட கொள்ளைக் கூட்டம் இது. அப்போதெல்லாம் இருட்டில் யார் இருமினாலும் அது யாரென்று அவளுக்குத் தெரியும்.

இப்போது நாலு ஊரில் ஆட்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலைவன் முகமே தெரியாது. கொள்ளையடிப்பதைவிடக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு என்று தலைவன், அவள் கணவன், அலுத்துக்கொள்வான்.

கடைசியாகப் போன இரண்டு இடத்திலும் போலீஸ் முன்கூட்டியே காத்திருந்தது. எவனோ வாய் விட்டிருக்கிறான். யாரென்று தெரிந்துவிட்டால் அந்த ஆள் மிஞ்ச மாட்டான்.

தம்பிக்கு ஓட்டை வாய். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

“நேத்து வரைக்கும் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தவனுங்க, இன்னைக்குக் கை குலுக்குறானுங்கக்கா. அங்க ராஜ வாழ்க்கை போல. போனவன் ஒருத்தனும் திரும்பி வரவே இல்ல, பாத்தியா?”

ஊசி அவள் விரலில் ஏறியது.

பொத்தான் எப்போதோ உறுதியாகிவிட்டிருந்தது. அவள் மறுபடியும் ஊசியைக் குத்தி இழுத்தாள்.

“நாளைக்குப் போகட்டுமே,” என்றாள், கதவருகே நின்ற கணவனிடம்.

“வண்டி காத்துட்டிருக்கு.”

துறைமுகத்தில் கிளை என்று ஒன்று கிடையாது.

அது அவளுக்குத் தெரியும். கணவனுக்கும் வண்டியோட்டிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

முன்பு காட்டிக்கொடுத்த ஒருவனைக் கொல்வதற்காகக் கதறக் கதற இழுத்துப்போனபோது கூட்டமே மிரண்டுபோனது. பாதிப் பேர் ஓடப் பார்த்தார்கள். அன்றைக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த கணவனுக்கு யோசனை சொன்னவள் அவள்தான்.

“எதுக்கு ஊரறிய அடிக்கிறீங்க? பதவி குடுத்து அனுப்புங்க. சிரிச்சுக்கிட்டே ஏறுவாங்க.”

கணவன் இப்போது தம்பியைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

“போதும்க்கா. சட்டை கிழிஞ்சாலும் இந்தப் பொத்தான் விழாது,” என்று தம்பி சிரித்தான்.

அவள் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.