அருள்மலரின் ஆள்

“அருள்மலரிட ஆக்கள் ஆர்?” என்று கேட்டுக்கொண்டே ஒப்பரேஷன் தியேட்டர் கதவைத் திறந்தார் நேர்ஸ்.

நான்தான் என்றேன்.

அவர் என் முக்காட்டைப் பார்த்தார். கழுத்தில் சிலுவை போட்ட லிங்கநகர்ப் பெண்ணுக்குக் கிண்ணியாக்காரி எப்படி ஆளாக முடியும் என்று யோசித்திருப்பார். அவளுக்கு அக்கா முறை என்று சேர்த்துச் சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கையில் எனாமல் தட்டம் இருந்தது.

எடுத்த கர்ப்பப்பையை வெளியே கொண்டுவந்து சொந்தக்காரருக்குக் காட்டுவது இந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். எனக்கு எடுத்த அன்று என்னைக் கட்டின மாப்பிள்ளை அபூதாஹிர்தான் இந்த வாசலில் நின்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தாராம். எப்படி இருந்தது என்று எத்தனை தரம் கேட்டும் மனுஷன் வாய் திறக்கவில்லை. ஆறு பிள்ளைகளைச் சுமந்த பை. எனக்குத் தெரிய வேண்டாமா?

அதனால் தனக்காக வாசலில் நின்று பார்க்கச் சொல்லி அருள்மலர் கேட்டபோது நான் மறு பேச்சுப் பேசவில்லை.

எனக்குத் தையல் வெட்டிய கையோடு பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவள் அவள். இரத்தப் பெரும்பாடு நிற்கவில்லை, பையை எடுக்க வேண்டும் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். வந்த நேரம் முதல் கேள்விதான்.

இருமினால் தையல் விட்டுப்போகாதா? தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிக் காட்டினேன். எப்படி எழும்புவது? ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பிக் காட்டினேன். காற்றுப் பிரிந்தால்தான் தேத்தண்ணீர் தருவார்கள் என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“வெட்கம் பார்த்தாப் பட்டினிதான், புள்ள” என்றேன்.

காயத்தைக்கூடக் காட்டினேன். மீன் வாங்க வந்தவள் செவுளைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகு அவளுக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்குப் பிள்ளை இல்லை, ராத்தா. காரணம் அதுக்குள்ள இருந்துதோ எண்டு நீங்கள்தான் பார்த்துச் சொல்லோணும். அல்லாஹ்வறிய உண்மையைச் சொல்லோணும்.”

அவளுடைய புருஷன் ஹெக்டர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். பின்னேரம் வந்தால் போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம். இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கட்டின புருஷன் நிற்க வேண்டிய வாசலில், நேற்றுக் கண்ட நான் ஏன்? கேட்கச் சொல்லி நாக்கு அரித்தது. மலடி என்ற சொல்லை இவள் எத்தனை வாயில் கேட்டிருப்பாள் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். உன்னில் குறை இல்லை என்று யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறாள், பாவம்.

தட்டத்துக்குள் பார்த்தேன். இரண்டு கண்ணாலும்தான் பார்த்தேன்.

பலாக்கொட்டைகளைத் திணித்துக் கட்டிய பொட்டலம்போல் அது புடைத்திருந்தது. டாக்டர் நடுவில் பிளந்து வைத்திருந்தார். உள்ளேயும் கட்டிகள்தான். ஒரு விரல் வைக்க இடம் இல்லை.

“கன வருசமா வளர்ந்த கட்டியள். இதுக்குள்ள பிள்ளை தங்கியிராதாம், டொக்டர் சொன்னவர்” என்று சொல்லி நேர்ஸ் தட்டத்தை மூடினார்.

வார்டுக்குத் திரும்பி நடக்கும்போதே பொய்யைத் தயார் செய்துவிட்டேன். நல்ல பை, உன்னில் ஒரு குறையும் இல்லை என்று சொல்வதாக முடிவு. படைத்தவன் பெயரைச் சொல்லிக் கேட்டாளே என்று நெஞ்சு இடித்தது. நோவில் கிடக்கிறவளுக்குச் சொல்லும் பொய்யை அல்லாஹ் பொறுப்பான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பின்னேரம் அவளுக்கு மயக்கம் தெளிந்தது. தண்ணீர் கேட்கவில்லை. நோகுது என்றுகூடச் சொல்லவில்லை. என்னைத்தான் தேடினாள்.

“பார்த்தீங்களா, ராத்தா?”

அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் வரவில்லை. கட்டி என்றேன். நிறைய என்றேன். நேர்ஸ் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. என் வாயில் கொள்ளியை வைக்க என்று என்னையே திட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன்.

அவள் அந்தக் கையை இறுக்கினாள்.

“முந்தி எங்கள் ரெண்டு பேரையும் சோதிச்ச டொக்டர், முடிவை இவரிட்டத்தான் சொன்னவர். என்னைத் தாய் வீட்ட அனுப்பச் சொல்லி மாமி கத்திக்கொண்டு நிண்ட நேரம். ‘குறை எனக்குத்தான், அவளுக்கில்லை’ எண்டு இவர் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார். அண்டையில இருந்து துறைமுகமே இவரைப் பார்த்துச் சிரிக்குது, ராத்தா. கோவம் வந்தா நானும் அதைச் சொல்லித்தான் குத்திறனான்.”

புருஷனை ஏன் அந்த வாசலில் நிற்க விடவில்லை என்பது இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

பார்வையாளர் நேரத்து மணி அடித்தது. பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வேர்வையோடு ஹெக்டர் வார்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நேர்ஸை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு அவர் தாழ்ந்த குரலில் கேட்டது, வாசலோரக் கட்டிலில் இருந்த எங்கள் இருவருக்கும் கேட்டது.

“மிஸ், எடுத்ததை இவவுக்குக் காட்டேல்லைத்தானே?”