பால் கொடுத்தவள்

வேப்பனப்பள்ளியில் நிக்காஹ் தொடங்கும் நேரம். மணப்பெண் ஃபகருன்னிசாவின் சில்லிட்ட கை, பக்கத்து வீட்டு ருக்மணியின் கையை விடவேயில்லை.

ருக்மணி திரைப்பக்கம் திரும்பினாள். "பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டும் எம்பாலைக் குடிச்சதுங்க," என்றாள்.

திரைக்கு அப்பால் காஜியார் எழுந்துவிட்டார். "ரெண்டு பேருக்குமாம்மா?"

"ஆமாங்க. இவ அம்மாவுக்கு ஜொரம். அவன் அம்மா பிரசவத்துலயே போயிட்டாங்க. எங்கிட்டதான் கொண்டாந்தாங்க."

"அப்படின்னா அண்ணன் தங்கச்சியாச்சே. எங்க மார்க்கத்துல கட்டிவைக்க முடியாது."

பந்தலே அவளைத் திட்டியது. தலைகுனிந்து வீடு வந்தாள்.

"அந்தப் பையனுக்கு எப்போ கொடுத்தே?" என்று கேட்டார் கணவர் சென்னகிருஷ்ணன்.

"எங்க கொடுத்தேன்? இவளுக்கு மட்டுந்தான். அவன் வேணவே வேணாம்னு காலையில எம்மடியில அழுதா. பெத்தவங்க கேக்கல. பால் கொடுத்தவளாவது கேக்க வேணாமா?"