இரும்புக்குள் இருப்பவன்

மில்வாக்கியில், கர்ட் வீட்டு அடித்தள அறையில், மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் நாலு பேர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிப் பகடை உருட்டிச் சாகசக் கதை ஆடுகிறார்கள். ஆட்டத்தை நடத்துவது கர்ட். மற்ற மூவரையும் கூப்பிடுவது ஆட்டப்பெயரில்தான்: மந்திரவாதி, திருடன், இரும்பு.

இன்றைய சண்டையில் இரும்பு சாய்ந்துவிட்டான்.

“அந்த இரும்புப் பொம்மைக்குள்ள ஒரு மனுஷ ஆத்மா அடைஞ்சு கெடக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பொழைச்சுக்குவான். ஒரு நிமிஷம்தான்!” கர்ட் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தான்.

“டேய் இரும்பு, அந்தப் பேரைச் சீட்டுல நீதானே எழுதிக் குடுத்தே? முதல் எழுத்தையாவது சொல்லுடா!” மந்திரவாதி கெஞ்சினான்.

“அவன் பேசக் கூடாது,” என்றான் கர்ட்.

இரும்பு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

“ஏதாவது ராஜா பேராத்தான் இருக்கும். ஆல்ட்ரிக்! பெரோன்!” கத்தினான் திருடன்.

மணல் தீர்ந்தது. கர்ட் மடித்த சீட்டைப் பிரித்தான்.

“வெண்டல். யாருடா இவன்?”

மற்ற இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

“சும்மா ஒரு பேரு,” என்று சொல்லிவிட்டு, வெண்டல் தன் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினான்.