கண்ணாடியில் புள்ளிகள்

மறுநாள் திறப்புவிழா. மூக்குக் கண்ணாடிக் கடையின் முகப்புக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“என்னடி வேலை இது?”

“பறவைங்க மோதாம இருக்கத்தான்ப்பா. காலையில ஒரு தேன்சிட்டு இதுல மோதிச் செத்துக் கிடந்துச்சு. வெளிப்பக்கம் நெருக்கமாப் புள்ளி ஒட்டினா விலகிப் போயிடும்னு ஸ்கூல் பறவைக் குழுவுல சொன்னாங்க.”

“கடைக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கு. உன் சிட்டுக்குக் கண்ணு தெரியலன்னா கூட்டிட்டு வா, பவர் பாத்துக் கண்ணாடி போட்டு விடறேன். இப்ப எல்லாத்தையும் பிய்ச்சுப் போடு.”

மகள் ஒவ்வொன்றாக உரித்தாள். அப்பா முகப்பையும் கண்ணாடிக் கதவையும் பளபளவென்று துடைத்தார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“புள்ளி மிச்சம் இருக்கா? எடுத்துட்டு ஓடி வா.”

அவள் வந்ததும் வராததுமாகக் கடைவாசலில் குனிந்து தேடினாள். ஓர் இறகுகூட இல்லை.

“எதுப்பா மோதுச்சு? மைனாவா?”

கேட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அப்பா நெற்றியில் வைத்திருந்த ஐஸ்கட்டியை எடுத்தார். கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது.

“முதல்ல கதவுல ஒட்டு. அப்புறம் உன் சிட்டுங்களுக்கு முகப்பு முழுக்க ஒட்டிக்கோ. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத.”