கூட யாரு?

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான். இல்லேன்னா எனக்கு ஆபரேஷனே வேணாம். கல்லோட வாழ்ந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லில் நார் உரிக்கிற மனுஷன் என்று தெருவுக்கே தெரியும். பித்தப்பையில் கல் வந்தும் புத்தி வரவில்லையே!

"அப்பா, உங்க கையை விட்டுப் பைசா போகாது. மொத்தமும் என் கம்பெனி இன்ஷூரன்ஸ். தனி ரூம், ஏசி, டிவி. கவர்மென்ட்ல என்னப்பா இருக்கு?"

"டாக்டர் இருக்காரு. உங்கம்மாவை அங்கதானே பொழைக்க வெச்சாங்க? அதுக்கப்புறமும் எத்தனை வருஷம் என்னைத் திட்டிக்கிட்டு நல்லாத்தானே இருந்தா!"

"பொழைக்க வெச்சாங்க, சரி. கட்டிலுக்குக் கீழே பேப்பரை விரிச்சுப் படுத்துக் கெடந்தது யாரு? நான்! அந்த நர்ஸம்மாகிட்ட தெனமும் பாட்டு வாங்கினது யாரு? அதுவும் நான்!"

நர்ஸம்மா என்றதும் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லியே ரிட்டயரானவர். யார் குரலும் அவர் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருக்கும். வயிற்றைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். மூக்கால் ஒரு கீச்சுக் குரல் கிளம்பியது.

"ஏய், எட்டாம் கட்டில்! கூட யாரு? எங்கேய்யா போனே? டீ குடிக்கவா? கூட ஆள் இல்லாம இங்க பெட் கிடையாது, தெரியுமில்ல?"

சமையலறையில் மருமகள் பக்கென்று சிரித்துவிட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டை எல்லாம் கேட்கிற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு."

"மாமா, ஒரே ஒரு தடவை அவர் சொல்றதைக் கேளுங்களேன்" என்று மருமகளும் வந்து நின்றாள்.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. உங்க இஷ்டம்."

ஒருவழியாகக் கல் கரைந்தது என்று அவன் பெருமூச்சு விட்டான்.

தனியார் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷன் பெண் பேசினால், பஞ்சு மெத்தையில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

"கவலையே படாதீங்க சார். கூட யாரும் இருக்கவே வேண்டாம். சாயந்திரம் விசிட்டிங் டைம்ல வந்தாப் போதும். வராட்டியும் பரவாயில்ல. எங்க அப்பா மாதிரி பாத்துப்போம்."

மாசக் கடைசி. டைல்ஸ் ஷோரூமில் ஸ்டாக் எடுக்கிற நேரம். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

லிஃப்ட் கதவு மூடியதுதான் தாமதம், அப்பா ஆரம்பித்துவிட்டார். அதே பஞ்சு மெத்தைக் குரல். "எங்க அப்பா மாதிரி பாத்துப்போம் சார்..." உடனே தன் குரலில், "அப்ப அவ அப்பனையும் எங்கேயோ கொண்டுபோய் விட்டுட்டா போலிருக்கு."

"சும்மா வாங்கப்பா. யார் காதுலயாவது விழப்போகுது."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் கையைக் குலுக்கினார். அவன் கண்ணாடி வழியாக அப்பாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஷோரூமுக்கு ஓடினான். அதற்கப்புறம் எல்லாம் போனில்தான்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"ராஜா மாதிரி! பெல் அடிச்சா ஓடி வர்றாங்க."

"பாத்தீங்களா? கவர்மென்ட்ல இதெல்லாம் நடக்குமா?"

"நடக்காதுப்பா. அங்க பெல்லே கிடையாதே. ஏன்டா, சாயந்திரம் வர்றியா?"

"லோடு லாரி வந்திருக்குப்பா. நாளைக்கு வரேன்."

மறுநாளும் லாரி வந்தது. மருமகள் பிள்ளைகளின் பரீட்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் மறுபடி அந்த மாடி ஏறினான். பளபளவென்று நடைபாதை. நல்ல டைல்ஸ். அவன் கண் முதலில் அதைத்தான் பார்த்தது.

"யாரைப் பாக்கணும் சார்?" என்றாள் கவுன்டரில் இருந்த நர்ஸ்.

"கடைசி ரூம். என் அப்பா. நான் அவரோட மகன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர் மகன் உள்ளேதானே சார் இருக்காரு? அட்மிட் ஆன நாள்லேர்ந்து கூடவேதான் இருக்காரு. அந்த ரூம் டியூட்டி எனக்கில்ல, ஆனா அந்தப் பக்கம் போறப்பல்லாம் பேச்சுக் குரல் கேக்குமே!"

அப்பாவுக்கு அவன் ஒரே பிள்ளை.

வேகமாக நடந்தான். கடைசி அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அச்சு அசலாக அவன் குரல்.

"அப்பா, தண்ணி வேணுமா? மெதுவா எந்திரிங்க. என் தோளைப் பிடிச்சுக்கங்க."

அடுத்து அப்பாவின் சொந்தக் குரல். "வேணாம்டா. நீ கொஞ்சம் படு. எவ்வளவு நேரந்தான் முழிச்சுக்கிட்டே கெடப்பே?"

"எனக்கென்னப்பா, கீழே பேப்பர் விரிச்சிருக்கேன். ஒரு டீ மட்டும் குடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

கதவில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அது அவன் குரல்தான். ஆனால் இப்போதைய குரல் இல்லை. அம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்த பையனுடையது.

உள்ளே மூக்கால் அந்தக் கீச்சுக் குரல் கிளம்பியது.

"ஏய், எட்டாம் கட்டில்! எங்கேய்யா கெளம்பிட்டே? இங்கன்னா மகன் பக்கத்துல இருந்தே ஆகணும்னுதானேய்யா, மனுஷன் ஏசி ரூமெல்லாம் வேணாம்னு இந்தக் கட்டிலுக்கு அடம் பிடிச்சாரு!"