நாலு மணி அலாரம்

“நேத்து பத்து மணி நேரம் அசையாமத் தூங்கினேன். கும்பகர்ணனே வந்து பாடம் கேட்டுட்டுப் போனான்” என்றார் ரிட்டயர்டு லாரி டிரைவர்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான ஆலோசனைக் கூட்டமே சிரித்தது. தையல்காரம்மா மட்டும் நம்பவில்லை.

“அளக்காதீங்கண்ணே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அண்ணியை யார் புரட்டிப் படுக்க வச்சது?”

“அதெல்லாம் இனிமே வேண்டாம்னுட்டா மகராசி.”

வாராவாரம் நாலு மணிக்கு அவர் செல்போன் அலறும். பேச்சைப் பாதியில் விட்டு, மனைவியைப் புரட்ட வீட்டுக்கு ஓடுவார். இன்று சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். போன் சும்மா கிடந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

தையல்காரம்மா தன் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எப்பண்ணே போனாங்க?”

“திங்கக்கிழமை.”

“அப்போ தூங்கினது நெஜந்தாண்ணே” என்றாள்.